ஆலப்புழா ஹவுஸ்போட்: பாதி ரேட்டுக்குக் கிடைத்தால், எது குறைந்திருக்கிறது?

‘லாங் வீக்கெண்ட் வருது, ஆலப்புழா போலாமா?’

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் விழுந்தால் போதும். பத்து நிமிடத்தில் எட்டு பேர் ‘நான் ரெடி’ என்பார்கள். ஒருவர் ரீல்ஸ் அனுப்புவார். ஒருவர் ட்ரெயின் பார்ப்பார். இன்னொருவர் நாலு ஹவுஸ்போட் ஏஜென்ட்டுகளிடம் ரேட் கேட்டு குரூப்பில் போடுவார். மூன்று பேர் ஏறக்குறைய ஒரே தொகை சொல்லியிருப்பார்கள். நான்காவது ஆள் மட்டும் அதில் பாதி. போட்டோவில் எல்லாப் படகும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே மூங்கில் கூரை, அதே வெள்ளை பெட்ஷீட், அதே வாழை இலைச் சாப்பாடு. ‘அப்புறம் என்ன, பாதி ரேட்டையே புக் பண்ணிடலாம்’ என்று முடிவாகும்.

அந்த முடிவை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு படகுகளில் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், எந்தச் செலவைக் குறைத்து அந்த விலை வந்தது? போட்டோவில் தெரியாத செலவுகளில்தான் உங்கள் பாதுகாப்பும், நீங்கள் பார்க்கப் போகிற ஏரியின் ஆயுளும் இருக்கிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

நாம் போகிற இடம் எது?

‘ஆலப்புழா பேக்வாட்டர்ஸ்’ என்று பொதுவாகச் சொல்வது வேம்பநாட்டுக் காயலையும், அதைச் சுற்றியுள்ள கால்வாய்களையும், குட்டநாடு என்ற நெல் விளையும் பகுதியையும். வேம்பநாடு இந்தியாவின் மிக நீளமான ஏரி. ஆலப்புழா, கோட்டயம், எர்ணாகுளம் என மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழா ஆறுகள் இதில்தான் வந்து சேர்கின்றன. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் வேம்பநாடு - கோல் ஈரநிலம் 2002-ல் சேர்க்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 1,512 சதுர கி.மீ.

குட்டநாட்டுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இங்கே பல வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. காயலுக்குள் வரப்பு எழுப்பி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அந்த நிலத்தில் நெல் போடுகிறார்கள். படகில் போகும்போது பார்த்தால் தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருக்கும். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இந்த விவசாய முறையை உலகளவில் முக்கியமான வேளாண் மரபாக 2013-ல் அங்கீகரித்தது.

ஆக, நீங்கள் போவது ஒரு ரிசார்ட் வளாகம் இல்லை. ஆட்கள் குடியிருக்கிற, மீன் பிடிக்கிற, நெல் விளைவிக்கிற இடம். ஹவுஸ்போட் ஓடும் பாதைதான் அவர்களுக்கு ரோடு.

நெல் ஏற்றிய படகு ஹோட்டல் ஆனது எப்படி?

ஹவுஸ்போட்டுக்கு மலையாளத்தில் ‘கெட்டுவள்ளம்’ என்று பெயர். கட்டிய வள்ளம். ஆணி அடிக்காமல், ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் இறுக்கிக் கட்டிய சரக்குப் படகு இது. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோன வேலை இதனுடையது. லாரியும் பாலங்களும் வந்த பிறகு அந்த வேலை போனது. 1990-களின் தொடக்கத்தில் இந்தப் படகுகளில் அறை, கழிவறை, சமையலறை கட்டிச் சுற்றுலாவுக்கு விட ஆரம்பித்தார்கள். ஐடியா ஹிட் ஆனது.

பழைய வள்ளம் நெல் மூட்டைகளை அடித்தளத்தில் சுமந்தது. பாரம் கீழே இருந்தால் படகு நிலையாக நிற்கும். சுற்றுலாப் படகில் பாரம் மேலே ஏறுகிறது. கூரை, ஏ.சி., தண்ணீர் டேங்க், சில படகுகளில் மாடி, அந்த மாடியில் பாட்டு போட்டு ஆடும் இருபது பேர். படகு கட்டுவதில் தேர்ந்தவர்கள் இதைக் கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள், அதிகாரிகள் சோதித்து அனுமதி தருகிறார்கள். கணக்கும் சோதனையும் இல்லாமல் மாடி கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் கசப்பான பதில் இருக்கிறது.

மூன்று விபத்துகள் சொல்வது என்ன?

2002 ஜூலை 27. முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வேம்பநாட்டுக் காயலைக் கடந்து வந்த அரசுப் பயணிகள் படகு மூழ்கியது. 29 பேர் இறந்தார்கள். அரசுப் பணித் தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் அடக்கம். ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு, இரண்டு அடுக்கு. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது.

2023 மே 7. மலப்புரம் மாவட்டம் தானூர் அருகே தூவல்தீரத்தில் ஒரு தனியார் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அனுமதித்த எண்ணிக்கையைவிட மிக அதிகமான ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இருட்டிய பிறகும் ஓட்டினார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ‘அரசுப் படகு என்றால் சேஃப், தனியார் என்றால் ரிஸ்க்’ என்று கணக்குப் போட முடியாது. ஒன்று அரசு போக்குவரத்துப் படகு, ஒன்று அரசு சுற்றுலாக் கழகத்தின் படகு, ஒன்று தனியார் படகு. பழசு ஆபத்து, புதுசு பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. தேக்கடிப் படகு புத்தம் புதியது. பார்க்க வேண்டியவை வேறு: எத்தனை பேர் ஏறுகிறார்கள், பாரம் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் ஓடுகிறது, லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா.

தண்ணீர் ஆழம் குறைவுதானே என்ற தைரியமும் வேண்டாம். படகு கவிழும்போது ஆபத்து ஆழத்தில் மட்டும் இல்லை. மூடிய அறைக்குள்ளும் கூரைக்குக் கீழும் சிக்கிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

ஹவுஸ்போட்டில் கூடுதலாக இன்னொரு அபாயம் உண்டு: தீ. மரம், மூங்கில், பாய், கயிறு. இவற்றுக்கு நடுவே கேஸ் சிலிண்டர், ஜெனரேட்டர், டீசல். 2020 ஜனவரியில் பாதிராமணல் தீவு அருகே ஒரு ஹவுஸ்போட் தீப்பிடித்து எரிந்தது. பயணிகள் உயிர் தப்பினார்கள். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, வயரிங் ஒழுங்காக இருக்கிறதா என்பதெல்லாம் வெறும் ஃபார்மாலிட்டி இல்லை என்பதற்கு இது போதும்.

சட்டம் என்ன கேட்கிறது?

1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் 2021-ல் நிறைவேற்றியது. ஆறு, ஏரி, காயல்களில் ஓடும் இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதிச் சோதனை, இன்ஷூரன்ஸ், பயிற்சி பெற்ற பணியாளர்கள், உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவற்றை இது கேட்கிறது. கேரளத்துக்கென ‘கேரள உள்நாட்டுக் கலங்கள் விதிகள்’ 2010 முதல் இருக்கின்றன.

பயணிக்கு இதில் பயன்படும் விஷயங்கள் நான்கு.

ஒன்று, பதிவு எண். முறையாகப் பதிவான படகின் பக்கவாட்டில் ‘கே.ஐ.வி.’ என்று தொடங்கும் எண் எழுதியிருக்கும். ஆலப்புழாவில் பதிவான ஹவுஸ்போட் என்றால் அதையடுத்து ஊருக்கான ‘ஏ.எல்.பி.’, ஹவுஸ்போட்டுக்கான ‘ஹெச்.பி.’ எழுத்துகள் வரும். காருக்கு நம்பர் பிளேட் மாதிரி. எண்ணே இல்லாத படகில் ஏற வேண்டாம்.

இரண்டு, சர்வே சான்றிதழ். பதிவு ஒருமுறை செய்வது. சர்வே என்பது படகு இப்போதும் ஓடத் தகுதியானதா என்று அவ்வப்போது பார்ப்பது. வண்டிக்கு எஃப்.சி. காட்டுவதைப் போல. பதிவு எண் இருந்தும் சர்வே காலாவதியாகியிருக்கலாம். அதனால் தேதியைப் பாருங்கள்.

மூன்று, ஆள் கணக்கு. எத்தனை பேர் ஏறலாம் என்பது சான்றிதழிலேயே இருக்கும். தானூர் விபத்துக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அனுமதித்த எண்ணிக்கையைப் பயணிகள் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. குழந்தைகளைக் கணக்கில் விட்டுவிடும் பழக்கம் இங்கே செல்லாது. தண்ணீருக்கு டிக்கெட் வயது தெரியாது.

நான்கு, பணியாளர்கள். படகை ஓட்டும் ஸ்ராங்க், இன்ஜினைப் பார்க்கும் டிரைவர், உதவிக்கு லஸ்கர். இவர்களுக்குத் தனித்தனித் தகுதிச் சான்றிதழ்கள் உண்டு. சமையல்காரரே ஸ்டியரிங் பிடித்தால், அங்கே ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, பாதி ரேட் எப்படி சாத்தியம்?

மலிவான படகு எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. நியாயமான காரணங்கள் உண்டு. மழைக்காலம், வார நாள், ஏ.சி. இல்லாத படகு, சிறிய அறை, ஏஜென்ட் இல்லாமல் ஓனரிடம் நேரடி புக்கிங். இவை எல்லாம் உண்மையாகவே விலையைக் குறைக்கும்.

ஏ.சி.யிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. பல படகுகளில் ‘டீலக்ஸ்’ என்றால் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை மட்டும் ஏ.சி. ஓடும். ‘பிரீமியம்’ அல்லது ‘லக்ஷுரி’ என்றால் முழுநேரம். ஜெனரேட்டர் டீசல் செலவுதான் இந்த வித்தியாசம். இது மோசடி இல்லை. ஆனால் கேட்காமல் புக் செய்தால் மதியம் வியர்த்து ஊற்றும்போது சண்டை வரும்.

நியாயமில்லாத காரணங்களும் உண்டு. சர்வே புதுப்பிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கட்டவில்லை. ஒரு பணியாளர் குறைவு. படகைக் கரையேற்றி அடிப்பலகை பார்க்கவில்லை. கழிவறைத் தொட்டியை சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காலி செய்யவில்லை. இதில் எதுவுமே போட்டோவில் தெரியாது. உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பெட்ஷீட்டிலும் சாப்பாட்டிலும் யாரும் குறைக்க மாட்டார்கள். ரிவ்யூ போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைப்பார்கள்.

இதன் விளைவு ஓனர்களுக்கும் தெரியும். எல்லாச் செலவையும் ஒழுங்காகச் செய்கிற படகுக்காரர், செய்யாதவரோடு விலையில் போட்டி போட முடிவதில்லை. நாம் ரேட்டை மட்டும் பார்த்து புக் செய்யச் செய்ய, ஒழுங்காக நடப்பவருக்கு அது தண்டனை ஆகிறது. அதிகாரிகளின் ரெய்டைவிட, ‘சர்வே சான்றிதழ் போட்டோ அனுப்புங்க’ என்று நூறு கஸ்டமர்கள் கேட்பது சந்தையைச் சீக்கிரம் மாற்றும்.

டிசம்பரில் மூடும் கதவுகள்

இப்போது ஏரிக்கு வருவோம். ‘ஒரு படகுக் கழிவு இவ்வளவு பெரிய ஏரியை என்ன செய்துவிடும்?’ என்று தோன்றலாம். பதில், தண்ணீர்முக்கம் தடுப்பணையில் இருக்கிறது.

கோடையில் ஆறுகளில் தண்ணீர் குறைந்ததும், கடலின் உப்புநீர் காயலுக்குள் ஏறி வரும். குட்டநாட்டின் புஞ்சை நெல்லுக்கு அது எமன். அதைத் தடுக்க, காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் 1970-களில் கட்டியதுதான் இந்தத் தடுப்பணை. வழக்கமாக டிசம்பர் நடுவில் கதவுகளை மூடி, அறுவடை நெருங்கும் மார்ச் - ஏப்ரலில் திறக்கிறார்கள்.

மூடியிருக்கும் மாதங்களில் தடுப்பணைக்குத் தெற்கே உள்ள காயல் ஒரு பெரிய தொட்டி மாதிரி ஆகிவிடுகிறது. அலையேற்றமும் இறக்கமும் வந்து கழுவிக்கொண்டு போக முடியாது. வயலில் போட்ட உரமும் பூச்சிமருந்தும், ஊர்ச் சாக்கடையும், படகுக் கழிவும், டீசல் படலமும் உள்ளேயே தங்கும். உப்புநீர் பட்டால் செத்துப்போகும் ஆகாயத்தாமரை, உப்பு வராததால் மண்டும். கடலுக்கும் காயலுக்கும் இடையே போய்வரும் மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபடும்.

காலண்டரைப் பாருங்கள். டிசம்பர் கடைசி, புத்தாண்டு, பொங்கல், குடியரசு தினம். ஹவுஸ்போட் ரேட் உச்சத்துக்குப் போகிற, படகுகள் வரிசை கட்டி நிற்கிற சீசன் இதுதான். அதாவது ஏரி தன்னைத் தானே கழுவிக்கொள்ள முடியாத மாதங்களும், நாம் மொத்தமாகப் போய் இறங்குகிற மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. அங்கே சுமை கூடுவதற்குக் காரணம் படகுகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை, அவை கூடும் நேரமும்தான்.

கதவை எப்போது திறப்பது என்பதில் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பல ஆண்டுகளாக இழுபறி. நடவு தள்ளிப்போனால் அறுவடை தள்ளிப்போகும், கதவு திறப்பதும் தள்ளிப்போகும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ல் அளித்த குட்டநாடு அறிக்கை, பயிர்க் காலத்தை முறைப்படுத்த வேண்டும் என்று சொன்னது. கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதனுக்குப் பூர்விகம் குட்டநாட்டின் மங்கொம்புதான்.

ஏரியும் சுருங்கிக்கொண்டே வருகிறது. வயலுக்காகவும் கட்டடத்துக்காகவும் நிரப்பியது போக, அடியில் வண்டல் படிந்துகொண்டே போகிறது. கேரள மீன்வள, கடல் ஆய்வுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, வேம்பநாட்டின் நீர்க் கொள்ளளவு 120 ஆண்டுகளில் சுமார் 85 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. தண்ணீர் குறையக் குறைய, அதே அளவு கழிவு கூடுதல் கெடுதல் செய்யும்.

இதற்கெல்லாம் சுற்றுலாப் பயணி மட்டும் காரணம் இல்லை. விவசாயம், நகரக் கழிவு, ஆக்கிரமிப்பு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் கையில் இருப்பது நம் பங்குதான்.

அங்கே வாழ்றவங்களுக்கு என்ன பிரச்சினை?

குட்டநாட்டில் சுற்றிலும் தண்ணீர். ஆனால் குடிக்கிற தண்ணீருக்குத் தட்டுப்பாடு. கரையோர வீடுகளில் பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் வீட்டு வாசல் படித்துறையில். அதே தண்ணீரில்தான் நம்முடைய ஹவுஸ்போட் ஓடுகிறது. அதன் கழிவறைத் தொட்டி எங்கே காலியாகிறது என்பது அவர்களுக்கு ஆரோக்கியப் பிரச்சினை.

படகு கிளப்பும் அலை மண் கரையை அரிக்கும். மாடியில் போடும் ஸ்பீக்கர் சத்தம் ஐந்து வீடு தள்ளிக் கேட்கும். நமக்கு அது ஒரு நாள் பார்ட்டி. கரையில் இருப்பவருக்கு சீசன் முழுக்க ஒவ்வொரு நாளும்.

‘ஏன் சார் சாயங்காலம் ஐந்தரைக்கே படகை நிறுத்திட்டீங்க?’ என்று கேட்டு வாக்குவாதம் செய்கிறவர்கள் உண்டு. காரணம் எளிது. சாயங்காலத்துக்குப் பிறகு மீனவர்கள் காயலில் வலை விரிப்பார்கள். ஹவுஸ்போட் ஓடினால் வலை அறும், அவர்கள் பிழைப்பும் அறும். இருட்டில் ஓட்டுவது உங்களுக்கும் ஆபத்து. ‘எக்ஸ்ட்ரா காசு கொடுத்தா நைட் ரவுண்ட் போலாம்’ என்று யாராவது சொன்னால், தானூரை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

22 மணி நேர பேக்கேஜில் எத்தனை மணி நேரம் பயணம்?

வழக்கமான பேக்கேஜ் மதியம் 12 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 9 அல்லது 10 மணிக்கு முடியும். மதிய சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கட்டிப்போடுவார்கள். ஐந்தரைக்கு நிறுத்திவிடுவார்கள். காலையில் எட்டு மணிக்கு மேல் எடுத்துக் கொண்டுபோய் ஜெட்டியில் விடுவார்கள். கூட்டிப் பார்த்தால் படகு ஓடுவது ஐந்து, ஐந்தரை மணி நேரம்தான். மீதி நேரம் தண்ணீர் மேல் ஒரு ஹோட்டல் ரூம். அது பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகலாம்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். ஹவுஸ்போட் அகலமானது. குறுகிய கால்வாய்களுக்குள் நுழைய முடியாது. தென்னை இரண்டு பக்கமும் வளைந்து நிற்கிற, வீட்டு வாசலை உரசிப் போகிற அந்த ரீல்ஸ் காட்சி குறுகிய கால்வாய்களில்தான் கிடைக்கும். அதற்கு ஷிகாரா, அல்லது துடுப்புப் போடும் சின்ன வள்ளம் வேண்டும்.

அதனால் வேறு பிளான்களும் யோசிக்கலாம்:

ஹோம்ஸ்டே + சின்ன வள்ளம்: கைநகரி, நெடுமுடி, குமரகம் பக்கம் ஒரு வீட்டில் தங்கி, காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வள்ளத்தில் சுற்றலாம். பணம் நேரடியாக அந்த ஊர்க் குடும்பத்துக்குப் போகும். இரவில் தூங்குவது தரையில்.

பகல் நேர ஹவுஸ்போட்: காலையில் ஏறி மாலையில் இறங்கும் பயணம். குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது வசதி.

அரசுப் பயணிகள் படகு: கேரள நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகுகள் ஆலப்புழா கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெட்டியிலிருந்து கிளம்புகின்றன. பஸ் டிக்கெட் அளவு கட்டணத்தில், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து கோட்டயம் வரை போகலாம். சுமார் இரண்டரை மணி நேரம். முகம்மா - குமரகம் படகு காயலைக் குறுக்கே கடக்கும். வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’, நாட்டின் முதல் சோலார் பயணிகள் படகு. டீசல் வாடை இல்லாமல் காயலைக் கடப்பதே தனி அனுபவம்.

எப்போது போகலாம்?

*டிசம்பர் - பிப்ரவரி:* வானிலை அருமை. கூட்டமும் விலையும் அதிகம். மேலே சொன்னபடி ஏரிக்கும் நெருக்கடியான காலம். போவதாக இருந்தால் வார நாளில் போங்கள். கிறிஸ்துமஸ் - புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள்.

*மார்ச் - மே:* வெயிலும் புழுக்கமும். ஏ.சி. நேரத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் இடி மழை வரலாம்.

*ஜூன் - ஆகஸ்ட்:* தென்மேற்குப் பருவமழை. விலை குறைவு, பச்சைப் பசேல். ஆனால் ரெட் அலர்ட் விழுந்தால் மாவட்ட நிர்வாகம் படகுப் பயணத்துக்குத் தடை போடும். 2018 வெள்ளத்தில் குட்டநாடே காலி செய்ய வேண்டிவந்தது. ஜூலை, ஆகஸ்டில் புக் செய்தால், ‘அரசு தடை விதித்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

*செப்டம்பர் - நவம்பர்:* மழைக்கும் சீசனுக்கும் இடைப்பட்ட காலம். தடுப்பணைக் கதவுகள் திறந்திருக்கும். ஓணம், பூஜை விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு. வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும், வானிலை அறிவிப்பைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நம்முடைய ஓட்டு இதற்குத்தான்.

நேரு கோப்பை படகுப் போட்டியைப் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் தேதியை உறுதி செய்யாமல் டிக்கெட் போட வேண்டாம். பல காலம் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்று இருந்தது. வயநாடு நிலச்சரிவு காரணமாக 2024-ல் செப்டம்பர் 28-க்குத் தள்ளிப்போனது. 2025-ல் ஆகஸ்ட் 30-ல் நடந்தது.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு சென்ட்ரல் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் இரவு ஏறினால் மறுநாள் காலை ஊரில் இறக்கிவிடும். மதியம் 12 மணி படகுக்குச் சரியாக இருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். அதனால் முதலில் ட்ரெயின், பிறகு படகு. கொச்சிக்கு விமானத்தில் போகிறவர்கள் நெடும்பாசேரியிலிருந்து ஆலப்புழாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள

*அட்வான்ஸ் அனுப்பும் முன்:*

1. படகின் பதிவு எண், சர்வே சான்றிதழ், இன்ஷூரன்ஸ் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். தேதி பாருங்கள்.
2. குழந்தைகளையும் சேர்த்து எத்தனை பேர் ஏறலாம்? பணியாளர்கள் எத்தனை பேர்?
3. கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்கிறீர்கள்? உடனே பதில் சொல்கிறவர் அதைச் செய்கிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். கேரள சுற்றுலாத் துறையின் ‘கிரீன் பாம்’ சான்று இருக்கிறதா என்றும் கேட்கலாம்.
4. ஏ.சி. எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை? படகு எத்தனை மணி நேரம் ஓடும்? எந்த வழி?
5. புக் செய்த அதே படகு கிடைக்குமா? ‘அதே மாதிரி இன்னொன்று’ என்றால் அதன் எண் என்ன?
6. மழை, தடை என்றால் ரீஃபண்ட் உண்டா?

*ஏறியதும்:*

1. எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். போகவில்லை என்றால் ஜெட்டியிலேயே பேசுங்கள். படகு கிளம்பிய பிறகு பேசிப் பயனில்லை.
2. லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, குழந்தைகள் அளவில் இருக்கிறதா, தீயணைப்புக் கருவி எங்கே என்று கேளுங்கள். குழந்தைகளுக்குப் போட்டே விடுங்கள்.
3. எல்லோரும் ஒரே பக்கம் திரண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம். மாடி இருந்தால், எத்தனை பேர் நிற்கலாம் என்று ஸ்ராங்கிடம் கேளுங்கள். அவர் சொல்வதே இறுதி.
4. இரவில் படகு விளிம்பில் நடக்க வேண்டாம், குடித்துவிட்டு நிச்சயமாக வேண்டாம். காயலில் இறங்கி நீந்தவும் வேண்டாம். அடியில் சேறு, மேலே கொடி.
5. பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்து வாருங்கள். தண்ணீர் கேன் ஒன்று கேட்டால் இருபது பாட்டில்கள் மிச்சம்.
6. அவசரம் என்றால் 112.

கடைசியாக

கேள்வி கேட்டால் ஏஜென்ட் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்கான படகுக்காரருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். அவர் கட்டுகிற இன்ஷூரன்ஸுக்கும், காலி செய்கிற தொட்டிக்கும் மதிப்புத் தருகிற கஸ்டமர் கிடைத்தால் அவருக்கு லாபம்தான். மழுப்புகிறவரிடமிருந்து விலகிக்கொள்ள உங்களுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அடுத்த முறை குரூப்பில் ‘பாதி ரேட்’ வந்தால், தம்ஸ்அப் போடும் முன் ஒரே ஒரு மெசேஜ் போதும்: ‘சர்வே சான்றிதழ் போட்டோ வந்துச்சா?’